ஒன்பதாவது ஆள்

"உனக்குக் கை வேர்க்குமா?"

ஒப்ரே பாதிரியார் பெரினிடம் முதன்முதலாகக் கேட்டது இதைத்தான். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. செர்வில் கல்லூரியின் சமையலறையில் பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, காலையிலிருந்து நடந்து வந்து நின்றிருந்தாள். பேர் என்ன, யார் மகள், திருட்டுக் கை உண்டா என்றெல்லாம் கேட்பார்கள் என்று வழி நெடுகப் பதில் யோசித்துக்கொண்டு வந்தவள், இதைக் கேட்டதும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. கோடையில் வைக்கோல் கட்டும்போதுகூட அவள் உள்ளங்கை காய்ந்தே கிடக்கும். பனிக்காலத்தில் வெடித்துச் சொரசொரக்கும். சுண்ணாம்புக் கை என்று அம்மா திட்டுவாள். செத்துப்போகும் வரைக்கும் திட்டினாள்.

பாதிரியார் அவள் கையைத் திருப்பி, மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பவர்போலத் தன் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "உன்னை எனக்காகவே கடவுள் அனுப்பியிருக்கார்" என்றார்.

பாத்திரமும் தேய்த்தாள், தரையும் துடைத்தாள். ஆனால் அவளுடைய உண்மையான வேலை கண்ணாடிக் கோளத்துக்கு. பூசணிக்காய் அளவு கோளம் அது. வாயில்காப்போன் பெரிய சக்கரத்தைச் சுற்றினால் கயிறு இழுத்துக் கோளம் சுழலும். பெரின் அதன்மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் கோளம் சடசடக்கும், அவள் காதோர முடி தானாக எழுந்து நிற்கும், ஒருவிதப் புளித்த வாடை வரும். கோளத்தில் பிறந்ததை ஒரு பித்தளைக் கம்பி வாங்கி, தகடு சுற்றிய ஜாடிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். பாதிரியார் அதை மின்சாரம் என்பார். ஊரார் உதறல் என்பார்கள். பாரீஸில் இப்போது கைக்குப் பதிலாகத் தோல் திண்டு வைக்கிறார்களாம். பாதிரியாருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. செத்த தோலுக்கு என்ன தெரியும் என்பார்.

காட்சி வைக்கிற நாள்களில் பெரினுக்கு ஒரே ஒரு கட்டளை. முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து அவள் கை தண்ணீரைத் தொடக்கூடாது. ஒரு சொட்டுகூட. தலைமைச் சமையல்காரி கத்தோவுக்கு இது ஆகவே ஆகாது. "மகாராணி கை நனையக்கூடாதாம். அப்ப என் கை என்ன, வாத்துக் காலா?" என்று பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக அடுக்குவாள்.

இப்படி ஆறு வருஷம் போயிற்று. அந்த ஆறு வருஷத்தில் யந்திரம் ஒரு நாளும் பெரினிடம் பொய் சொன்னதில்லை. மழை நாளில் பொறி வராது. உறைபனி நாளில் விரல் நீளத்துக்கு வரும். பட்டுக் கயிற்றில் போகாது, சணல் கயிற்றில் போகும். மெழுகில் நிற்கும், இரும்பில் ஓடும். மனிதர்களைப் பற்றி அவளுக்கு இவ்வளவு நிச்சயமாக எதுவும் தெரியாது. யாராவது நேருக்கு நேர் பேசினால் அவள் பார்வை தரைக்குப் போய்விடும். யந்திரத்தின் முன்னால் மட்டும்தான் அவள் தலை குனியாமல் நிற்பாள்.

அப்புறம் ஜெர்வே வந்தான்.

அவன் பீப்பாய்த் தச்சன். ஆற்றங்கரையில் சொந்தப் பட்டறை, இரண்டு ஆட்கள், ஒரு தாய். கல்லூரி நிலவறைக்கு மதுப் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வருவான். அவனும் பேச்சில் சிக்கனம்தான். ஒரு தடவை பீப்பாயை அவளிடம் கைமாற்றும்போது அவள் கையைப் பார்த்துவிட்டு, "என் கையும் இப்படித்தான். ஓக் மரத்தூள் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடிச்சிடும்" என்றான். அம்மாவைத் தவிர வேறு யாரும் அவள் கையைப் பற்றிப் பேசியதில்லை. பாதிரியார் பேசினார், ஆனால் அது கோளத்தின் பொருட்டு. பெரின் அன்று இரண்டு தட்டுகளை உடைத்தாள்.

அடுத்த அறுவடை முடிந்து பெண் கேட்டான். அவளுக்கு யாரும் இல்லாததால் கத்தோவிடம்தான் கேட்டான். கத்தோ அவனை அரை மணி நேரம் நிற்க வைத்துக் குடிப்பழக்கம் முதல் குறட்டை வரை விசாரித்து, கடைசியில் சரி என்றாள். தவக்காலம் தொடங்கும் முன்பே கல்யாணம் என்று முடிவாயிற்று. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு, வாரம் ஒன்றாக வாசிக்கவேண்டிய மூன்று கல்யாண ஓலைகளில் முதலாவதைக் கோயிலில் வாசித்தார்கள். ஜெர்வே, காலஞ்சென்ற இன்னாரின் மகன். பெரின், காலஞ்சென்ற இன்னாரின் மகள். இவர்கள் கூடுவதற்குத் தடை எதுவும் அறிந்தவர் எவரும் இருந்தால் சொல்லக் கடவர். யாரும் எதுவும் சொல்லவில்லை. தனக்கென்று ஒரு அடுப்பு, ஒரு கதவு, உள்ளிருந்து போடுகிற ஒரு தாழ்ப்பாள். பெரின் முழங்காலில் நின்றபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை பாதிரியார் பெரிய காட்சி வைத்தார். முப்பத்திரண்டு பேர் கைகோத்து நிற்க வேண்டும். ஜாடியின் கம்பியை முதல் ஆள் தொடுவான். ஜாடியைச் சுற்றிய தகட்டில் ஒரு இரும்புச் சங்கிலி. அதன் நுனியைக் கடைசி ஆள் பிடித்திருப்பான். தொட்ட மாத்திரத்தில் உதறல் கைக்குக் கை தாவி எல்லாரையும் ஒரே சமயத்தில் துள்ள வைத்துவிட்டு, சங்கிலி வழியாக ஜாடிக்கே திரும்பிவிடும். முப்பத்திரண்டு பேர் ஒரே நொடியில் துள்ளுவதைப் பார்க்க நீதிபதி வந்திருந்தார், அவர் மனைவி வந்திருந்தாள், பதிவாளர் குடும்பம் வந்திருந்தது. கைகோக்கிறவர்கள் ஊர்க்காரர்கள். ஜெர்வேயையும் வரச் சொல்லும்படி பாதிரியார் பெரினிடம் சொல்லியிருந்தார்.

அவள் அவனிடம் போய்ச் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பியவள் நின்று, "மரச் செருப்புப் போட்டுக்கிட்டு வராதீங்க. நீதிபதி வீட்டம்மா எல்லாம் இருப்பாங்க" என்றாள். அவளாக அவனிடம் கேட்ட முதல் காரியம் அது. அவன் சிரித்துக்கொண்டே அப்பாவுடைய தோல் சப்பாத்து பெட்டியில் இருக்கிறது என்றான். அடியில் ஆணி வரிசை அடித்த, நல்ல கனமான சப்பாத்து.

காட்சி நடந்தது கல்லூரியின் சாப்பாட்டுக் கூடத்தில். முந்தின மதியம் மாணவர்கள் பருப்புக் கஞ்சியைச் சிந்திவிட்டுப் போயிருந்தார்கள். தரை துடைக்கவேண்டிய நேரத்துக்குப் பெரினின் கைக் கட்டளை தொடங்கிவிட்டது. கத்தோவைக் கேட்டாள். கத்தோ வாத்துக் கால் கதையை மறுபடி எடுத்தாள். வேறு வழியில்லாமல் பெரின் காலையில் வாளியைக் கைப்பிடியால் தூக்கித் தண்ணீரை அப்படியே வீசி, நீளத் துடைப்பத்தால் தள்ளிவிட்டாள். வழக்கமாக முழங்காலில் உட்கார்ந்து, துணியைப் பிழிந்து பிழிந்து கடைசிச் சொட்டு வரை ஒற்றி எடுப்பாள். அன்று பிழிய முடியாது. கூடத்தின் நடுவிலிருந்து யந்திரம் இருக்கிற சுவர் வரைக்கும் கல்லில் வெட்டிய ஒரு விரல் அகல வாய்க்கால் ஓடும். தண்ணீரை அதில் தள்ளிவிட்டாள். கற்கள் சீக்கிரம் உலர்ந்தன. வாய்க்கால் உலரவில்லை. விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டதால் அவள் அதை மறந்துபோனாள்.

ஜெர்வே சீவிய தலையும் சப்பாத்துமாக வந்தான். வரிசையில் ஒன்பதாவது ஆளாக நின்றான். பெரின் கோளத்தில் கை வைத்தபடி ஒரு தடவை அவனைப் பார்த்தாள். மற்றவர்களெல்லாம் மரச் செருப்பில் நிற்க அவன் மட்டும் சப்பாத்தில் நிற்பது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

முதல் ஆள் கம்பியைத் தொட்டான். ஒன்றிலிருந்து ஒன்பது வரை துள்ளினார்கள். பத்தாவது ஆள் அப்படியே நின்றான். அவனுக்குப் பின்னால் இருந்த எல்லாரும் அப்படியே நின்றார்கள், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள்போல.

பாதிரியார் மறுபடி ஜாடியை நிரப்பச் சொன்னார். மறுபடியும் அதே. மூன்றாவது தடவையும் ஒன்பதோடு நின்றது. பத்தாவதாக நின்றவன் மதுக்கடைக்கார ப்ரிசோ. அவன் ஜெர்வேயின் கையை உதறிவிட்டு, "சாமி, எனக்கு ஒண்ணும் வரலை. இந்தத் தம்பியே எல்லாத்தையும் அமுக்கிக்கிட்டான்" என்றான்.

"எனக்கும் அடிச்சது. கால் வழியா இறங்கிச்சு" என்றான் ஜெர்வே.

"இறங்கிச்சா?" ப்ரிசோ கூடத்தைத் திரும்பிப் பார்த்தான். "வழியில எதுலயும் தட்டலையா?"

ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. பெண்கள் விசிறிக்குள் முகத்தை மறைத்தார்கள். பாதிரியார் சிரிக்கவில்லை. அவர் கண் பளபளத்தது. அந்தப் பளபளப்பைப் பெரின் அறிவாள். புதிதாக ஒன்றைக் கண்டுவிட்டபோது வருவது. ஜெர்வேயை வெளியே நிற்கச் சொன்னார். மற்றவர்கள் நெருங்கி நின்று கைகோத்தார்கள். முப்பத்தொரு பேரும் துள்ளினார்கள். ஜெர்வேயைப் பழைய இடத்திலேயே திரும்ப நிறுத்தினார். ஒன்பதோடு நின்றது.

பிறகு பாதிரியார் நீதிபதியின் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் பேசினார். ஆண்மை என்பதும் ஒரு நெருப்புத்தான் என்றும், எவனிடம் இயற்கை அந்த நெருப்பை வைக்கவில்லையோ அவனைத் தாண்டி மின்சாரமும் செல்லாது போலும் என்றும், இதை யாரும் இதுவரை எழுதவில்லை என்றும் சொன்னார். தாழ்ந்த குரல்தான். ஆனால் கூடம் அதைவிட அடங்கியிருந்தது. பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க அது மூன்று வார்த்தையாகச் சுருங்கிவிட்டது: தச்சனுக்கு ஒண்ணும் கிடையாது.

ஞாயிறு இரண்டாம் ஓலை வாசித்தபோது கோயிலின் பின்பக்கத்திலிருந்து யாரோ காயடித்த சேவல் மாதிரிக் கொக்கரித்தார்கள். திங்கள் காலை ஜெர்வேயின் பட்டறைக் கதவில் ஒரு சேவல் கொண்டை ஆணியடித்துத் தொங்கியது. அவன் அதைப் பிடுங்கி ஆற்றில் எறிந்துவிட்டு வேலையைத் தொடங்கினானாம். செவ்வாயன்று மறுபடி ஒன்று. பங்குச் சாமியார் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் நல்லவர், சுற்றி வளைத்து, வருத்தத்தோடுதான் சொன்னார். இது திருச்சபைச் சட்டத்தில் தடைதான். மூன்றாம் ஓலையின்போது யாராவது எழுந்து சொல்லிவிட்டால், ஆயர் மன்றம் இரண்டு வைத்தியர்களை அனுப்பும். அவர்கள் முன்னால் அவன் தன்னைக் காட்ட வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் பெரினுக்குக் கத்தோ சொன்னாள். சொல்லிவிட்டு, "தப்பிச்சேன்னு நெனச்சுக்கோடீ. கட்டினப்புறம் தெரிஞ்சா என்ன பண்ணியிருப்ப?" என்றாள். பெரின் வாணலியின் அடிக் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஊர்ப் பேச்சு பெரிதாக உறைக்கவில்லை. ப்ரிசோவின் சிரிப்புகூட உறைக்கவில்லை. கோளத்தில் அவள் கையே இருந்தது. அவள் கையிலிருந்து பிறந்த உதறல்தான் அவனிடம் போய் நின்றது. ஒரு தடவை அல்ல, நாலு தடவை.

செவ்வாய் பிற்பகல் ஜெர்வே வந்தான். காலிப் பீப்பாயை எடுக்க வந்தவன்போல வந்து, சமையலறைப் பின்கதவில் நின்றான். கத்தோ எதையோ தேடுவதுபோல் உள்ளே போய்விட்டாள்.

"பங்குச் சாமி கூப்பிட்டுப் பேசினார்" என்றான்.

"கேள்விப்பட்டேன்."

"வைத்தியனுங்க வந்து பாக்கட்டும். பீப்பாய் ஒழுகுதான்னு பாக்கிற மாதிரி பாத்துட்டுப் போகட்டும். ஊரும் பேசட்டும், வாய் வலிச்சா நிறுத்திடும்." அவன் கையை நீட்டினான். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது, மரத்தூள் படிந்து. "நீ என்ன நெனைக்கிற, பெரின்? அது மட்டும் தெரிஞ்சா போதும் எனக்கு."

பிடித்திருக்கலாம். ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும். பின்னாளில் எத்தனையோ தடவை அந்த ஒரு எட்டை மனசுக்குள் எடுத்து வைத்துப் பார்த்தாள். அன்றைக்கு அவள் கையில் ஈரத் துணி இருந்தது. அதை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"சாமிகிட்டச் சொல்லி இன்னொரு தடவை வெச்சுப் பாக்கச் சொல்லலாம்" என்றாள். "எங்கயாவது தப்பு நடந்திருக்கும். தெரியுற வரைக்கும் மூணாவது ஓலைய வேணா கொஞ்சம் தள்ளி…"

அவன் நீட்டிய கையை உடனே எடுத்துவிடவில்லை. அவள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தவன்போல் இருந்தான். அவள் முடிக்கவில்லை.

"தப்பு நடக்கலைன்னா?" என்றான்.

அவள் துணியைப் பார்த்தாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவன் பீப்பாயைத் தோளில் ஏற்றினான்.

வியாழக்கிழமை பெரின் கூடத்தைக் கழுவினாள். அன்று கைக் கட்டளை எதுவும் இல்லை. ஆற அமரத் துடைத்தாள். ஈரக் கல்லில் மரச் செருப்பு வழுக்கும் என்று அதைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். குளிரில் பாதம் மரத்துப்போயிருந்தது. காலையில் பாதிரியார் ஏதோ சோதனைக்கு ஜாடியை நிரப்பிவிட்டு மேசைமேல் அப்படியே வைத்துப் போயிருந்தார். சங்கிலி மேசையிலிருந்து இறங்கி வாய்க்காலின் முனையில் கிடந்தது. கூடத்தின் நடுவிலிருந்து மேசைக்கு வந்தவள் நனைந்த பாதத்தால் அந்த வாய்க்காலை மிதித்திருக்க வேண்டும். மேசையைத் துடைக்கப் போன கை கம்பியில் பட்டது.

தோளில் யாரோ கட்டையால் அடித்ததுபோல் இருந்தது. அடி அங்கே நிற்கவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு, தொடை, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொரு மூட்டையும் தட்டிவிட்டுத் தரைக்குள் போயிற்று. வாளி கவிழ்ந்தது. அவள் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கால் வழியா இறங்கிச்சு.

அவன் அதைத்தான் சொன்னான். எல்லார் முன்னாலும் உள்ளபடி சொன்னான். ஊரே சிரித்தது.

பெரின் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தாள். வாய்க்காலில் தண்ணீர் நின்றது. அதன் ஒரு முனை அன்று ஒன்பதாவது ஆள் நின்ற இடம். மறுமுனையில், அன்றுபோலவே, சங்கிலி கிடந்தது. நடுவில் ஈரம். மற்றவர்களெல்லாம் உலர்ந்த மரத்தின்மேல் நின்றார்கள். அவன் ஒருவன்தான் இரும்பு ஆணியின்மேல் நின்றான். அந்த ஈரத்தை அங்கே விட்டது யார், அந்தச் சப்பாத்தைப் போட்டுவரச் சொன்னது யார் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஈரப் பாவாடையோடு ஓடிப்போய்ப் பாதிரியாரை அழைத்துவந்தாள். திக்கித் திக்கிச் சொன்னாள். அவர் பாதியிலேயே புரிந்துகொண்டார். அந்த மட்டில் அவர் கெட்டிக்காரர். வாயில்காப்போனைச் சப்பாத்துப் போட்டுவரச் சொல்லி, அந்த இடத்தில் நிறுத்தி, தன் கையாலேயே வாய்க்காலில் தண்ணீர் ஊற்றினார். நாலு பிள்ளை பெற்ற வாயில்காப்போனுக்கும் உதறல் கால் வழியாகவே இறங்கியது. அவன் காலைப் பிடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொன்னான். பாதிரியார் அவனை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இதை யார்கிட்டயும் சொல்லாதே" என்றார்.

"சாமி, ஜெர்வே…"

"அன்னைக்குப் பார்த்ததை எழுதின கடிதம் திங்கட்கிழமை வண்டியில பாரீஸுக்குப் போயிடுச்சு. இத்தனை வருஷமா அங்க இருக்கிற விஞ்ஞான அகாதெமிக்கு எழுதறேன். ஒரு தடவைகூட அவங்க பதில் போட்டதில்ல. இதுக்குப் போடுவாங்க." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பதில் வரட்டும். அப்புறம் நானே திருத்தி எழுதறேன். ஈஸ்டர் கழிஞ்சு."

"மூணாவது ஓலை இந்த ஞாயித்துக்கிழமை, சாமி."

"வாசிக்கட்டுமே. நானா தடுத்தேன்? நான் அவன் பேரைக்கூட எழுதலை. ஒரு பீப்பாய்த் தச்சன்னுதான் எழுதினேன்."

ஊரில் பீப்பாய்த் தச்சன் அவன் ஒருவன்தான் என்று அவள் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரியும்.

சனிக்கிழமை நல்ல உறைபனி. மூச்சு விட்டால் முகவாயில் ஒட்டிக்கொள்ளும் குளிர். பெரின் வாயில்காப்போனைக் கெஞ்சிச் சக்கரத்தைச் சுற்றச் சொன்னாள். காலில் வாங்கிய அடியை மறக்காத அவன் முனகிக்கொண்டே சுற்றினான். ஜாடி நிரம்பியது. அவள் அதைக் கம்பளிச் சால்வைக்குள் அணைத்துக்கொண்டாள், கம்பி எதிலும் படாமல், கைக்குழந்தையின் தலையைப் பிடிப்பதுபோல. பாதிரியார் வாசக அறை சன்னலில் நின்றிருந்தார். அவளைப் பார்த்தார். பிறகு புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினார்.

ஆற்றோரமாக நடந்தாள். எதிரே வந்தவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டாள். பட்டறையில் ஓக் பலகை தீயில் வளையும் வாடை. ஜெர்வே ஒரு பீப்பாய்க்கு வளையம் இறக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய இரண்டு ஆட்களும் இருந்தார்கள். அவன் அம்மா மூலையில் அவித்த செஸ்நட் கொட்டைகளை உரித்துக்கொண்டிருந்தாள். கதவருகே கயிறு கட்டிய ஒரு கருவிப் பெட்டி இருந்தது. எந்த ஊருக்கோ வேலைக்குப் போகிறான் என்று பெரின் நினைத்துக்கொண்டாள்.

வாழ்க்கையில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். வாய்க்கால், தண்ணீர், ஆணி, சங்கிலி. தன்னால் துணி பிழிய முடியாமல் போனது. தன் காலில் இறங்கியது. அம்மாக்காரி பாதி கேட்கும்போதே கொட்டைகளைக் கீழே போட்டுவிட்டாள். "கூடி நில்லுங்கடா, கூடி நில்லுங்க" என்று ஆட்களை இழுத்தாள்.

ஜெர்வே சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. "உனக்குத்தான் தெரிஞ்சிருச்சே. இன்னும் எதுக்கு?" என்றான்.

"எனக்காக இல்ல. ஊருக்காக" என்றாள் பெரின்.

அவன் அவள் முகத்தையே பார்த்தான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கியதால் சுத்தியலை வைத்தான்.

தரை முழுக்க உலர்ந்த மரச் சீவல். பெரின் ஒரு கையால் ஜாடியைப் பிடித்துக்கொண்டாள். அவள் மறு கையை ஒரு ஆள் பிடித்தான், அவன் கையை ஜெர்வே, ஜெர்வேயின் கையை அம்மா, அம்மாவின் கையை இன்னொரு ஆள். அந்தக் கடைசி ஆள் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைத் தொட்டான்.

ஐந்து பேரும் ஒன்றாகத் துள்ளினார்கள்.

அம்மாக்காரி சிலுவை போட்டுக்கொண்டு மகனைக் கட்டி அழுதாள். கம்பியைத் தொட்டவன் கையை உதறிக்கொண்டே, "அண்ணே, விருந்துல பன்றித் தொடை முழுசா எனக்கு வந்தாகணும்" என்றான். மற்றவன் உடனே ப்ரிசோவின் கடைக்கு ஓடப் புறப்பட்டான். பெரின் ஜாடியோடு நின்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். "போகுது! உங்க வழியா போகுது, பாத்தீங்களா?"

ஜெர்வே மட்டும் துள்ளிய இடத்திலேயே நின்றிருந்தான்.

"நிம்மதியாச்சா?" என்றான்.

"ஆச்சு" என்றாள் அவள்.

யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அவன் ஊரைக் கேட்கவில்லை, தன்னைக் கேட்டான் என்று அவளுக்கு உறைத்தது. அவன் தலையை மெல்ல ஆட்டிவிட்டு, சுத்தியலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வளையத்தை அடிக்கத் தொடங்கினான். அடி ஒரே சீராக விழுந்தது. அவள் திரும்பிப் போகும்போது ஆற்றின் வளைவு வரைக்கும் அது கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் கோயில் நிரம்பி வழிந்தது. பட்டறை ஆட்கள் ஒரே ராத்திரிக்குள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். பாதிரியார்மேல் பாதிப் பேருக்குக் கோபம், பாதிப் பேருக்குச் சிரிப்பு. ப்ரிசோ வாசலில் ஜெர்வேயைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி, தரை ஈரமாயிருந்ததாமே என்று ஏதோ சொல்லி அவன் தோளைத் தட்டினான். ஜெர்வே நின்று கேட்டுவிட்டு உள்ளே போனான். ஆண்கள் பக்கம் நாலாவது வரிசையில் உட்கார்ந்தான். அப்பாவின் சப்பாத்தைப் போட்டிருந்தான். பெரின் பெண்கள் பக்கத்திலிருந்து அதைத்தான் முதலில் பார்த்தாள். எனக்காகத்தான் போட்டிருக்கிறான் என்று நினைத்தாள். கத்தோ அவள் விலாவில் இடித்து, "நல்ல ஆளுடீ, மனசுல வெச்சுக்கல" என்றாள்.

பங்குச் சாமியார் மூன்றாம் ஓலையை எடுத்தார். அன்று வழக்கத்தைவிடச் சத்தமாக வாசித்தார். ஜெர்வே, காலஞ்சென்ற இன்னாரின் மகன். பெரின், காலஞ்சென்ற இன்னாரின் மகள். இவர்கள் கூடுவதற்குத் தடை எதுவும் அறிந்தவர் எவரும் இருந்தால் சொல்லக் கடவர்.

யாரும் கொக்கரிக்கவில்லை. யாரும் இருமக்கூட இல்லை. சாமியார் தாளை மடிக்கப் போனார்.

நாலாவது வரிசையில் ஜெர்வே எழுந்தான். அவன் ஏதோ சொல்லப் போகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். சாமியாரும் பாதி மடித்த தாளோடு காத்திருந்தார். அவன் வரிசையை விட்டு வெளியே வந்தான். நடைபாதையில் அவனுடைய சப்பாத்து ஆணிகள் ஒவ்வொரு அடிக்கும் கல்லில் ஒலித்தன. பெரினின் வரிசைக்கு நேராக வந்தபோது அவள் கையை நீட்டினாள். இந்தத் தடவை நீட்டிவிட்டாள், எல்லாரும் பார்க்க, உள்ளங்கை மேலே பார்க்க. அவன் அந்தக் கையைப் பார்த்தான். நடை நிற்கவில்லை.

கதவு திறந்தபோது குளிர்காற்று உள்ளே வந்து மெழுகுவர்த்திகளை ஒரு பக்கமாகச் சாய்த்தது. வெளியே, கோயிலுக்குக் கீழே ஆற்றுப் படித்துறையில் ஒரு மதுப் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் முன்பக்கத்தில் கயிறு கட்டிய அந்தக் கருவிப் பெட்டி இருந்தது. ஜெர்வே படிகளில் இறங்கிப் படகில் கால் வைத்தான். திரும்பிப் பார்க்கவில்லை.